விமான மைல் கிரெடிட் கார்டு: எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

மைல் கார்டு, அதாவது செலவு செய்யச் செய்ய விமான டிக்கெட்டாக மாற்றக்கூடிய ‘மைல்’ புள்ளிகள் சேரும் கிரெடிட் கார்டு, வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போய், எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் வைத்துவிட்டேன். நானும் சில ஆண்டுகளாக இப்படிப்பட்ட கார்டுகளை வைத்திருக்கிறேன். சில டிக்கெட்டுகள் உண்மையிலேயே லாபமாகக் கிடைத்தன. சிலவற்றில் கையைச் சுட்டுக்கொண்டேன். இந்தப் பக்கத்தில் அதிகம் வருவது இரண்டாவது வகைதான். லாபத்தைப் பற்றிச் சொல்ல விளம்பரங்கள் இருக்கின்றனவே.

வங்கி எதற்காக எனக்கு இலவச டிக்கெட் தருகிறது?

இதைப் புரிந்துகொண்டால் மற்ற கேள்விகளில் பாதிக்குப் பதில் கிடைத்த மாதிரி.

நீங்கள் கார்டைத் தேய்க்கும்போது கடைக்காரருக்கு முழுத் தொகையும் போய்ச் சேர்வதில்லை. ஒரு சிறு சதவீதம் பிடித்துக்கொள்ளப்படுகிறது. அதில் பெரும்பங்கு கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு வங்கி, விமான நிறுவனத்திடமிருந்து மைல்களை மொத்த விலைக்கு வாங்கி உங்கள் கணக்கில் போடுகிறது. ஆக, மைலை முதலில் காசு கொடுத்து வாங்குவது வங்கி. விமான நிறுவனத்துக்கோ இது நல்ல வியாபாரம். காசு இன்றே கைக்கு வந்துவிடுகிறது, சீட்டை என்றைக்கோ ஒருநாள் கொடுத்தால் போதும். சில வாடிக்கையாளர்கள் கேட்க மறந்தே போவார்கள், அது தனி லாபம்.

இது எவ்வளவு பெரிய வியாபாரம் என்பதற்கு ஓர் எண் சொல்கிறேன். 2023-ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டு நிறுவனத்திடமிருந்து அமெரிக்காவின் டெல்டா ஏர்லைன்ஸுக்குக் கிடைத்த தொகை சுமார் 680 கோடி டாலர். 2020-இல் கொரோனாவால் விமானங்கள் எல்லாம் தரையில் நின்றபோது, அதே டெல்டா ஸ்கைமைல்ஸ் என்ற தன் மைல் திட்டத்தையே அடமானம் வைத்து 900 கோடி டாலர் கடன் திரட்டியது. விமானம் பறக்காத காலத்திலும் மைல் திட்டத்துக்குக் கடன் கிடைத்தது என்றால், அதில் பணம் புரளுகிறது என்றுதானே அர்த்தம்? அந்தப் பணம் எங்கிருந்தோ வர வேண்டும். கடைக்காரரிடமிருந்து வருகிறது, ஆண்டுக் கட்டணத்திலிருந்து வருகிறது, எல்லாவற்றுக்கும் மேலாக, பில்லை முழுதாகக் கட்டாதவர்களின் வட்டியிலிருந்து வருகிறது.

ஆண்டுக் கட்டணம் தவிர வேறு என்னென்ன பிடிப்பார்கள்?

கட்டண அட்டவணை என்று ஒரு தாள் இருக்கும். விளம்பரத்தில் வராது. விண்ணப்பத்தின் கடைசியில் பொடி எழுத்தில் ஓர் இணைப்பாக இருக்கும். அதைத் திறந்தால் பொதுவாகக் கண்ணில் படுபவை: கூடுதல் கார்டுக்கு, அதாவது மனைவிக்கோ கணவருக்கோ அதே கணக்கில் எடுத்துக் கொடுக்கும் கார்டுக்குத் தனிக் கட்டணம், வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம், தாமதக் கட்டணம், ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தால் அதற்கொரு கட்டணம், கடன் வரம்பைத் தாண்டினால் ஒரு கட்டணம், தொலைந்த கார்டுக்கு மாற்றுக் கார்டு வாங்கினால் ஒரு கட்டணம். சில வங்கிகள் மைலுக்குப் பதில் தங்கள் சொந்தப் பாயின்ட்டைத் தருகின்றன. அதை விமான நிறுவனத்தின் மைலாக மாற்றுவதற்கும் அவற்றில் சில ஒவ்வொரு முறையும் காசு வாங்குகின்றன. இவற்றுக்கு மேல் வரி இருந்தால் அது வேறு.

இவற்றில் ஏ.டி.எம். விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கிரெடிட் கார்டில் பணமாக எடுத்தால் வட்டியில்லாக் காலம் என்பதே கிடையாது. எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி ஓடும். அதற்கு ஒரு மைலும் வராது. வெளியூரில் அவசரத்துக்கு ஒரு தடவை எடுத்தவர்கள், ஒரு வருட மைலின் மதிப்பை ஒரே நாளில் தொலைத்திருக்கிறார்கள்.

முதல் ஆண்டு கட்டணம் இல்லை என்கிறார்களே, எடுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிடலாமா?

விடலாம், ஞாபகம் இருந்தால். இரண்டாம் ஆண்டுக் கட்டணம் உங்களைக் கேட்டுக்கொண்டு வராது. கார்டு கிடைத்த மாதம் திரும்பி வரும்போது ஸ்டேட்மென்ட்டில் ஒரு வரியாக வந்து உட்கார்ந்திருக்கும். வங்கியைக் கூப்பிட்டால் சில சமயம் திருப்பித் தருவார்கள், சில சமயம் பாதிக்கு மைல் தருகிறோம் என்பார்கள். ஸ்டேட்மென்ட்டையே திறக்காமல் தானியங்கிப் பணம் கட்டும் வசதியை வைத்திருப்பவர்களுக்கு அந்த வரி கண்ணிலேயே படாது.

“இவ்வளவு செலவு செய்தால் கட்டணம் தள்ளுபடி” என்பதும் கவனிக்க வேண்டிய ஒன்று. எல்லைக்கு இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது என்று, தேவையில்லாத பொருள் ஒன்றை ஆண்டின் கடைசி வாரத்தில் வாங்குவோம். கட்டணத்தைக் கட்டியிருந்தால் அதைவிட மலிவாக முடிந்திருக்கும்.

சேர்ந்தவுடன் கிடைக்கும் போனஸ் மைலில் என்ன சிக்கல்?

போனஸ் சும்மா வருவதில்லை. பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில் குறிப்பிட்ட தொகையைச் செலவழிக்க வேண்டும். அந்த மூன்று மாதம் எப்போது தொடங்குகிறது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கார்டு தபாலில் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து இல்லை, பெரும்பாலும் விண்ணப்பம் ஏற்கப்பட்ட நாளிலிருந்து. நடுவே பத்து நாள் போயிருக்கும்.

என் கதையைச் சொல்கிறேன். ஒரு வங்கியின் கார்டில் போனஸ் எல்லைக்குச் சரியான தொகையைச் செலவழித்துவிட்டேன் என்று நிம்மதியாக இருந்தேன். மைல் வரவில்லை. கூப்பிட்டுக் கேட்டால், நான் கூட்டிய கணக்கில் ஆண்டுக் கட்டணத்தையும் சேர்த்திருக்கிறேனாம். கட்டணம் ‘செலவு’ ஆகாது. அப்புறம் ஒரு பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கியிருந்தேன், அதையும் கழித்துவிட்டார்கள். இரண்டும் சேர்ந்து எல்லைக்குக் கீழே கொண்டுபோய்விட்டன. கெடு முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. விதிமுறையில் எல்லாம் எழுதியிருந்தது, நான்தான் படிக்கவில்லை. அன்றிலிருந்து எல்லைக்கு மேலே நூற்றுக்குப் பத்தாவது அதிகம் செலவான பிறகுதான் கணக்கை முடிக்கிறேன்.

ஒரு மாதம் பில்லை முழுதாகக் கட்டாவிட்டால் என்ன ஆகிவிடும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். மைல் கார்டுகளுக்கு வட்டி விகிதம் சாதாரணக் கார்டுகளைவிடக் குறைவாக இருப்பது அபூர்வம், அதிகமாக இருப்பதுதான் வழக்கம்.

ஒரு கணக்குப் போடுவோம். எந்த நாணயமாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். மாத முதல் தேதியில் 30,000-க்கு ஒரு பொருள் வாங்குகிறீர்கள். கெடு தேதி அன்றிலிருந்து 50-ஆம் நாள். நீங்கள் அந்த நாளில் 29,000 கட்டுகிறீர்கள். 1,000 மட்டும் பாக்கி. மாதம் மூன்றரை சதவீத வட்டி, அதாவது ஆண்டுக்கு 42%. வட்டி எவ்வளவு வரும்?

1,000-க்குத்தானே வட்டி, முப்பத்தைந்து வரும் என்று நினைப்போம். பல நாடுகளில் நடப்பது அதுவல்ல. முழுதாகக் கட்டாததால் வட்டியில்லாக் காலமே ரத்து. 30,000-க்கும், வாங்கிய நாளிலிருந்து 50 நாளுக்கும் வட்டி போடுவார்கள். 30,000-க்கு 42% என்றால் ஆண்டுக்கு 12,600. அதில் 50 நாள் பங்கு ஏறக்குறைய 1,726. பாக்கி 1,000, வட்டி 1,726!

இதோடு நிற்கவில்லை. பாக்கி தீரும்வரை புதிதாக வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. கடைக்குப் போய் ஒரு சோப்பு வாங்கினால்கூட அன்றைக்கே மீட்டர் ஓட ஆரம்பித்துவிடும்.

சரி, இந்த 30,000-க்கு மைல் எவ்வளவு கிடைத்திருக்கும்? நூற்றுக்கு இரண்டு மைல் தரும் கார்டு என்றால் 600 மைல். ஒரு மைலுக்கு 0.50 மதிப்பு என்று தாராளமாகப் பார்த்தாலும் 300. இந்த ஒரு மாத வட்டியைத் திரும்ப எடுக்க, இன்னும் ஐந்து மாதம் இதே அளவு செலவு செய்து, ஒரு நாள்கூடத் தவறாமல் கட்ட வேண்டும்.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் 2009-இல் வந்த கார்டு சட்டம், கெடுவுக்குள் கட்டிவிட்ட பகுதிக்கு வட்டி போடுவதைத் தடுத்துவிட்டது. உங்கள் நாட்டில் எப்படி என்று கட்டண அட்டவணையில் ‘வட்டி கணக்கிடும் முறை’ என்ற இடத்தில் ஓர் உதாரணம் போட்டிருப்பார்கள். அந்த ஒரு பத்தியை மட்டுமாவது படியுங்கள்.

‘மினிமம் டியூ’ என்ற குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, அவ்வளவுதான். வட்டி வரும்.

ஒரு மைலின் மதிப்பு என்ன? எப்படிக் கண்டுபிடிப்பது?

அதற்கென்று நிலையான மதிப்பு கிடையாது. நீங்கள் எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். கணக்கு எளிதுதான்: அதே விமானம், அதே நாள், காசு கொடுத்தால் டிக்கெட் என்ன விலை என்று பாருங்கள். மைலில் எடுத்தாலும் கையிலிருந்து கட்ட வேண்டிய வரி, கட்டணங்களை அதிலிருந்து கழியுங்கள். மீதியை மைல் எண்ணிக்கையால் வகுங்கள்.

உதாரணமாக, காசுக்கு 20,000. மைலில் எடுத்தால் 50,000 மைல், கூடவே 6,000 காசு. மிச்சமாவது 14,000. அதை 50,000-ஆல் வகுத்தால் ஒரு மைலுக்கு 0.28. விளம்பரத்தில் ‘20,000 மதிப்புள்ள இலவச டிக்கெட்’ என்று போட்டிருப்பார்கள்.

இன்னொன்றும் கழிக்க வேண்டும். காசு கொடுத்து அந்த டிக்கெட்டை எடுத்திருந்தால் அந்தப் பயணத்துக்கே மைல் கிடைத்திருக்கும். மைலில் எடுத்த டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் கிடைக்காது.

மைலைக் கொண்டு மிக்ஸி, ஹெட்ஃபோன், பரிசுக் கூப்பன் வாங்குவது அநேகமாக எல்லா இடத்திலும் நஷ்டம்தான். தூர விமானத்தில் பிசினஸ் கிளாஸ் எடுத்தால் மைலுக்கு மதிப்பு அதிகம் வரும் என்று சொல்வார்கள். கணக்குப்படி சரி. ஆனால் காசு கொடுத்து நாம் ஒருபோதும் வாங்கப் போகாத சீட்டின் விலையை லாபமாக எழுதிக்கொள்வதில் எனக்கு ஒப்புதல் இல்லை.

ரொக்கத்தைத் திருப்பித் தரும் கார்டு ஒன்று ஒன்றரை சதவீதம் தருகிறதா? உங்கள் மைல் கார்டு அதைத் தாண்டுகிறதா என்று மேலே சொன்ன கணக்கில் போட்டுப் பாருங்கள். நூற்றுக்கு இரண்டு மைல், மைலுக்கு 0.28 என்றால் வருவது அரை சதவீதத்துக்குச் சற்று மேலே, அவ்வளவுதான்.

மைலில் எடுத்த டிக்கெட்டுக்கு ஏன் இவ்வளவு காசு கேட்கிறார்கள்?

அதில் இரண்டு வகை கலந்திருக்கிறது. ஒன்று, அரசும் விமான நிலையமும் வாங்கும் உண்மையான வரிகள். அதைத் தவிர்க்க முடியாது. இன்னொன்று, ‘எரிபொருள் கூடுதல் கட்டணம்’ அல்லது ‘நிறுவனம் விதிக்கும் கட்டணம்’ என்ற பெயரில் விமான நிறுவனமே சேர்ப்பது. கட்டண விவரத்தில் ஒய்.க்யூ., ஒய்.ஆர். என்ற எழுத்துகளுக்கு எதிரே வருவது இதுதான். பெயர்தான் எரிபொருள், எண்ணெய் விலை இறங்கினால் இதுவும் இறங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பிரிட்டிஷ் ஏர்வேஸ், லுஃப்தான்சா ஆகியவற்றின் நீண்டதூர மைல் டிக்கெட்டுகளில் இது கனமாக இருப்பது மைல் சேர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2017-இல் தன் சொந்த விமானங்களின் மைல் டிக்கெட்டுகளிலிருந்து இந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். இணையத்தில் எடுத்தால் கிடைத்துவந்த 15% மைல் தள்ளுபடியையும் அதே நாளில் எடுத்துவிட்டது.

பயணத்தை மாற்றவோ ரத்து செய்யவோ, மைலைத் திரும்பக் கணக்கில் போடவோ தனிக் கட்டணம் உண்டா என்பதையும் முன்பதிவுக்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ரத்து செய்யும்போது உங்கள் மைலுக்கு ஏற்கெனவே கெடு முடிந்திருந்தால், சில திட்டங்களில் திரும்பி வந்த கையோடு செத்துப்போகும்.

மைல் இருக்கிறது, சீட்டு இல்லை. ஏன்?

மைலுக்கு என்று ஒவ்வொரு விமானத்திலும் ஒதுக்கும் சீட்டு குறைவு. காசுக்கு விற்க முடியாது என்று அவர்கள் கணிப்பதைத்தான் ஒதுக்குவார்கள். பள்ளி விடுமுறை, நீண்ட வார இறுதி, பண்டிகைக் காலம் என்றால் அந்தக் கணிப்பு என்னவாக இருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். நான்கு பேர் குடும்பத்துக்கு ஒரே விமானத்தில் நான்கு மைல் சீட்டு கிடைப்பது குதிரைக் கொம்பு. தனியாள், எந்தத் தேதியானாலும் சரி என்பவருக்கு எளிது.

‘எந்தச் சீட்டையும் மைலில் வாங்கலாம், தடை நாளே கிடையாது’ என்று சில நிறுவனங்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் அப்போது மைல் விலை, காசு விலையோடு சேர்ந்து ஏறும்.

சேர்த்து வைத்த மைல் மதிப்பு குறையுமா?

குறையும். கேள்வி எப்போது என்பது மட்டும்தான். மைல் என்பது விமான நிறுவனம் தானே அச்சடிக்கிற நோட்டு. எவ்வளவு அச்சடிப்பது, அதற்கு என்ன கிடைக்கும் என்று இரண்டையும் முடிவு செய்வது அவர்களே.

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981-இல் தன் அட்வான்டேஜ் திட்டத்தைத் தொடங்கியது. 1987-இல் சிட்டி வங்கியோடு சேர்ந்து கார்டு கொண்டுவந்தது. பறந்தால் மைல் என்று இருந்தது அப்புறம் செலவழித்தால் மைல் என்று மாறியது. மைல்கள் பெருகின, சீட்டுகள் அதே வேகத்தில் பெருகவில்லை. அப்புறம் விலை ஏறாமல் என்ன செய்யும்?

முன்பெல்லாம் இந்த ஊரிலிருந்து அந்தக் கண்டத்துக்கு இத்தனை மைல் என்று ஓர் அட்டவணை இருக்கும். விலையை ஏற்றினால் அட்டவணையில் தெரிந்துவிடும், திட்டாவது முடியும். டெல்டா 2015-இல் அட்டவணையையே எடுத்துவிட்டது. யுனைடெட் 2019-இல் அதே வழியில் போனது. அட்டவணை இல்லாவிட்டால் விலை ஏறியதற்குச் சான்றும் இல்லை. நேற்று 30,000 காட்டிய திரை இன்று 42,000 காட்டும், யாரும் எதையும் அறிவித்திருக்க மாட்டார்கள்.

2024 செப்டம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை, அமெரிக்கன், டெல்டா, சவுத்வெஸ்ட், யுனைடெட் ஆகிய நான்கிடமும் மைல் திட்டங்கள் குறித்து விளக்கம் கேட்டது. கேட்ட விஷயங்களில் மதிப்புக் குறைப்பு, மறைந்த விலை, கூடுதல் கட்டணம் எல்லாம் உண்டு. அதாவது இந்தப் புலம்பல் நமக்கு மட்டும் உரியது அல்ல.

காலாவதி விதி எப்படி?

நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. டெல்டா, யுனைடெட் மைல்களுக்குக் கெடு கிடையாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர், எமிரேட்ஸின் ஸ்கைவர்ட்ஸ் இரண்டிலும் பொதுவாக மூன்று ஆண்டு, நீங்கள் பறந்தாலும் பறக்காவிட்டாலும். குவாண்டாஸில் 18 மாதம் கணக்கில் எந்த அசைவும் இல்லாவிட்டால் போய்விடும், ஆனால் ஒரு சிறு அசைவு போதும், மறுபடி 18 மாதம் கிடைக்கும். வங்கியின் பாயின்ட்டுக்கு ஒரு கெடு, அதை மைலாக மாற்றிய பிறகு வேறொரு கெடு என்பதை மறக்க வேண்டாம்.

விமான நிறுவனமே மூடிவிட்டால்?

மைல் வைத்திருப்பவர் அந்த நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் கடைசியில் நிற்பவர். பல சமயம் வரிசையிலேயே இடமில்லை.

ஆஸ்திரேலியாவின் ஆன்செட் 2001 செப்டம்பரில் விழுந்தபோது பயணிகள் சேர்த்து வைத்திருந்த பாயின்ட்டுகள் ஒன்றுமில்லாமல் போயின. ஜெர்மனியின் ஏர் பெர்லின் 2017 ஆகஸ்டில் திவால் மனு போட்டது, அடுத்த சில நாட்களில் அதன் டாப்போனஸ் மைல் திட்டமும் போட்டது. ஜெட் ஏர்வேஸ் கதை வேறு மாதிரி. 2019 ஏப்ரலில் விமானங்கள் நின்றன. மைல் திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால் பிழைத்து, இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. மைல் இருந்தது. எந்த விமானத்துக்காகச் சேர்த்தார்களோ அது இல்லை.

அதனால் நான் செய்வது இது: பல விமான நிறுவனங்களுக்கு மாற்றக்கூடிய பாயின்ட்டாகவே வங்கியில் விட்டுவைப்பேன். சீட்டு கண்ணில் பட்ட பிறகுதான் மாற்றுவேன். மாற்றம் ஒருவழிப் பாதை, மாற்றியதைத் திருப்ப முடியாது. ஆனால் இதிலும் ஒரு கண்டம் இருக்கிறது. சில நிறுவனங்களுக்கு மாற்றினால் உடனே போய்ச் சேரும், சிலவற்றுக்கு நாள்கணக்கில் ஆகும். மைல் போய்ச் சேர்வதற்குள் சீட்டை வேறொருவர் எடுத்திருப்பார்.

வெளிநாட்டில் தேய்த்தால் எவ்வளவு கூடுதல்?

பெரும்பாலான கார்டுகளில் தொகைக்கு 2 முதல் 3.5 சதவீதம் வரை. பயணத்துக்கென்றே விற்கப்படும் கார்டிலும் இது இருப்பதுண்டு என்பது வேடிக்கை. உள்ளூர்ச் செலவில் ஒரு சதவீதம் சம்பாதித்து, வெளியூர்ச் செலவில் மூன்று சதவீதம் கொடுத்தால் கணக்கு என்ன ஆகும்? இணையத்தில் வீட்டிலிருந்தபடியே வாங்கினாலும், விற்பவர் வேறு நாட்டில் பதிவானவர் என்றால் இந்தக் கட்டணம் வரலாம்.

இன்னொரு பொறி, கடை மெஷினிலேயே இருக்கிறது. வெளிநாட்டில் ஓட்டல் பில் கட்டும்போது வரவேற்பு மேசையில் இருப்பவர் மெஷினை உங்கள் பக்கம் திருப்புவார். திரையில் இரண்டு வரி: மேலே உங்கள் நாட்டு நாணயத்தில் தொகை, கீழே அந்த ஊர் நாணயத்தில். மேலே உள்ளது கொட்டை எழுத்தில், பச்சைப் பொத்தானுக்குப் பக்கத்தில். நமக்குத் தெரிந்த நாணயம்தானே என்று கை தானாக அங்கே போகும். அதை அழுத்தினால் மாற்று விகிதத்தை முடிவு செய்வது மெஷின்காரர், உங்கள் வங்கியல்ல. அதில் சில சதவீதம் ஏற்றி வைத்திருப்பார்கள். சில வங்கிகள் அதற்கு மேல் தங்கள் கட்டணத்தையும் போடும். எப்போதும் அந்த ஊர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ஊழியரே அவசரத்தில் உங்களுக்காக அழுத்திவிடுவதும் நடக்கும். துண்டுச் சீட்டில் எந்த நாணயம் அச்சாகியிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

எல்லாச் செலவுக்கும் மைல் வருமா?

வராது. எரிபொருள், வாடகை, அரசுக்குக் கட்டும் வரி, மொபைல் வாலட்டில் பணம் ஏற்றுவது, காப்பீட்டுத் தவணை, இ.எம்.ஐ.யாக மாற்றிய பொருள் என்று விலக்குப் பட்டியல் கார்டுக்குக் கார்டு நீளும். பட்டியல் அவ்வப்போது மாறவும் செய்யும், ஒரு மின்னஞ்சலோடு சரி.

கடையின் பெயர்ப்பலகையை வைத்து வங்கி முடிவு செய்வதில்லை, அந்தக் கடைக்குக் கொடுத்திருக்கும் வகைக் குறியீட்டை வைத்துத்தான். பயணச் செலவுக்கு ஐந்து மடங்கு மைல் என்று நம்பி ஓர் ஏஜென்சியில் டிக்கெட் எடுத்தால், அவர்கள் வேறு வகையில் பதிவாகியிருக்கலாம். ஒரு மடங்குதான் வரும்.

கார்டு என்றால் இரண்டு சதவீதம் கூடுதல் என்று சொல்லும் கடையில் பணமாகவோ வேறு வழியிலோ கட்டிவிடுங்கள். யோசிக்கவே வேண்டாம்.

லவுஞ்ச் (விமான நிலைய ஓய்வறை) வசதி உண்டென்றால் கட்டணத்துக்கு ஈடாகுமே?

ஆண்டுக்கு எத்தனை முறை போவீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். போன ஆண்டில் எத்தனை முறை போனீர்கள் என்று எண்ணினால் இன்னும் நல்லது. அழைத்துச் செல்பவருக்கு உண்டா, பிள்ளைகளுக்கு உண்டா, கூடுதல் கார்டுக்கு உண்டா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஒருவருக்கு இத்தனை என்று அடுத்த ஸ்டேட்மென்ட்டில் வரும். வாசலில் கார்டைத் தேய்க்கும்போது யாரும் சொல்ல மாட்டார்கள். முந்தைய காலாண்டில் இவ்வளவு செலவு செய்திருந்தால்தான் உள்ளே விடுவோம் என்ற நிபந்தனையும் இப்போது பரவிவருகிறது.

வசதியைப் பாதியில் குறைப்பதும் சகஜம். டெல்டா 2023-இல் கார்டுக்காரர்களுக்கான லவுஞ்ச் அனுமதியை வெட்டப்போவதாக அறிவித்தது. எழுந்த கூச்சலில், கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டோம் என்று அதன் தலைவர் எட் பாஸ்டியனே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. வெட்டு தளர்ந்தது, ஆனால் முழுதாகப் போகவில்லை. 2025 பிப்ரவரியிலிருந்து ரிசர்வ் கார்டுக்கு ஆண்டுக்கு 15 முறை என்று வரம்பு வந்தது.

பயணக் காப்பீடு இலவசம் என்று போட்டிருக்கிறதே?

டிக்கெட்டை முழுதாக அதே கார்டில் எடுத்திருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. மைலில் எடுத்த டிக்கெட் அதில் சேருமா என்பதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் மருத்துவச் செலவுக்கு இதை நம்பிக் கிளம்ப வேண்டாம். பெட்டி தாமதம், விமானம் தாமதம் போன்றவற்றுக்குத்தான் பெரும்பாலும் இது உதவும், அதுவும் விமான நிறுவனத்திடமிருந்து தாமதச் சான்று கையில் இருந்தால்.

என் மைல் என் சொத்துதானே? அவர்கள் பிடுங்க முடியுமா?

விதிமுறையைப் படித்தால் ‘மைல்கள் உறுப்பினரின் சொத்து அல்ல’ என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். அமெரிக்காவில் இது உச்ச நீதிமன்றம்வரை போனது. 2008-இல் நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் ஒரு மூத்த உறுப்பினரை, அதிகமாகப் புகார் செய்கிறார் என்று சொல்லித் திட்டத்திலிருந்து நீக்கியது. நல்லெண்ணத்தோடு நடந்துகொள்ளும் கடமையை மீறிவிட்டார்கள் என்று அவர் வழக்குப் போட்டார். 1978-ஆம் ஆண்டின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நீக்கச் சட்டம் அப்படிப்பட்ட வழக்குக்கு இடம் தரவில்லை என்று 2014-இல் நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள்.

உறுப்பினர் இறந்துவிட்டால் மைல் வாரிசுக்குப் போகுமா என்பதும் திட்டத்தைப் பொறுத்தது. பலவற்றில் போகாது, சிலவற்றில் இறப்புச் சான்றிதழும் கட்டணமும் கேட்டு மாற்றித் தருவார்கள்.

அப்படியென்றால் யாருக்குத்தான் இந்தக் கார்டு?

ஒவ்வொரு மாதமும் முழு பில்லையும் கட்டுபவர், கார்டு இல்லாவிட்டாலும் அந்த நிறுவனத்தில் எப்படியும் பறப்பவர், தேதியை முன்னேபின்னே நகர்த்த முடிந்தவர். மூன்றும் பொருந்தினால் நல்ல கருவிதான். பெட்டிக்குத் தனிக் காசு வாங்கும் நிறுவனத்தில் அடிக்கடி போகிறவருக்கு, கார்டோடு வரும் இலவசப் பெட்டி ஒன்றே கட்டணத்தைத் திருப்பித் தந்துவிடும். மைலைக் கணக்கில் சேர்க்கவே தேவையில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பறக்கும் குடும்பத்துக்கு ரொக்கம் திருப்பித் தரும் கார்டே மேல்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல், கடைக்காரரின் வங்கி, கார்டு கொடுத்த வங்கிக்குத் தரும் பங்கு கிரெடிட் கார்டுக்கு 0.3 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று கட்டிப்போட்டது. அதற்குப் பிறகு அங்கே தாராளமான மைல் கார்டுகள் குறைந்துபோயின. பெரிய போனஸ் தரும் கார்டுகள் எங்கே அதிகமோ, அங்கே கடைக்காரரிடம் பிடிக்கும் சதவீதமும் அதிகம் என்று புரிந்துகொள்ளலாம். கடைக்காரர் அதைப் பொருளின் விலையில் சேர்த்துவிடுகிறார், கார்டே இல்லாதவரும் அந்த விலையைத்தான் கொடுக்கிறார்.

கார்டை மூடுவது என்று முடிவு செய்துவிட்டேன். எப்படி?

முதலில் பாயின்ட்டைக் காலி செய்யுங்கள். வங்கிப் பாயின்ட் கணக்கு மூடியதும் பெரும்பாலும் போய்விடும். விமான நிறுவனத்தின் கணக்குக்கு ஏற்கெனவே மாறிவிட்ட மைல் பொதுவாக அங்கேயே இருக்கும். பிறகு அந்தக் கார்டில் மாதாமாதம் தானாகப் போகும் சந்தாக்களை வேறு கார்டுக்கு மாற்றுங்கள். போனஸ் வாங்கிய சூட்டோடு மூடினால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள விதி இருக்கும், ஒரு வருடமாவது கழியட்டும். உங்களிடமுள்ள மிகப் பழைய கார்டு இதுவென்றால், மூடினால் கடன் மதிப்பெண்ணில் கொஞ்சம் அசையும். அப்போது கட்டணமில்லாத சாதாரணக் கார்டாக மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள்.

தொலைபேசியில் கூப்பிட்டால் உங்களைத் தக்கவைக்கும் பிரிவுக்கு மாற்றுவார்கள். அங்கே இருப்பவர் ரொம்ப அன்பாகப் பேசுவார், அரைக் கட்டணம் என்பார், ஐயாயிரம் மைல் என்பார். வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளுங்கள். வேண்டாமென்றால் மூடியதற்கான கடிதத்தை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். நான் ஒரு கார்டை மூடி இரண்டு மாதம் கழித்து, மறந்துபோன ஒரு சந்தா அதில் போய் உட்கார்ந்துவிட்டது. அதற்குத் தாமதக் கட்டணமும் போட்டு ஸ்டேட்மென்ட் அனுப்பினார்கள். அந்தக் கடிதத்தை இணைத்து ஒரு வரி எழுதினேன். மூன்றாம் நாள் இரண்டையும் நீக்கிவிட்டார்கள்.